இஷ்பெலின் பத்தடி

1

நான்கு குழிகள் பின்தங்கியிருந்த இஷ்பெல் கௌர்லே மணல்மேட்டின் மீது மூச்சிரைக்க ஓடினாள்.

(பொய். நடந்தாள். முப்பது வருடம் வாரத்தொடர் எழுதிய கை. யாரையாவது ஓடவிடாமல் முதல் வரி வராது.)

சரி, நடந்தாள். பந்தை அடித்தாயிற்று. மேட்டுக்கு அந்தப் பக்கம் அது எங்கே விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பதினெட்டில் மீதி ஆறே குழிகள்; குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் போடுபவருக்கே அந்தக் குழி.

இந்தக் கதை பிறந்த இடத்தை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்: போன ஆகஸ்டில், ஃபைஃப் கடற்கரையில் எங்கள் கில்டாரன் கோல்ஃப் கிளப்பில் நடந்த பெண்கள் இறுதி ஆட்டம். நானும் அங்கே இருந்தேன்.

2

இஷ்பெல் எங்கள் ஊர்த் தபால்காரி. வயது அறுபத்தொன்று. இதற்கு முன் ஐந்து இறுதி ஆட்டங்கள், ஐந்திலும் தோல்வி. கிளப் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. ஜெயித்தவர் பெயரைத் தங்க எழுத்தில் பொறிப்பார்கள். அதில் ஒருமுறையாவது தன் பெயர் ஏற வேண்டும் என்பது அவள் ஆசை. அக்டோபரில் இடுப்பு அறுவை. அதற்குப் பிறகு ஆட்டமே கிடையாது.

எதிராளி ஜீன் ராட்ரே. (இந்தப் பாத்திரம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மூன்று முறை வர்ணித்து மூன்றையும் கிழித்தாயிற்று. ஒன்று மட்டும் நிச்சயம்: எதிராளியின் தோள் ஓர் அங்குலம் இறங்கினால் போதும், ஜீனுக்குத் தெம்பு வந்துவிடும்.)

அன்று இஷ்பெலின் தோள் ஓர் அங்குலமல்ல, அரை அடி இறங்கியிருந்தது. மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த எஃபிக்குப் பொறுக்கவில்லை. எஃபி மீன்கடைக்காரி, இஷ்பெல் கணவனின் தங்கை.

“அண்ணி, தோளு ஏன் இப்படித் தொங்குது? யாரு செத்துட்டா?”

“என் பந்துதான். முள்ளுப் புதர்ல போயிருக்கும்.”

“பொணத்தப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு இப்பவே ஒப்பாரி? மோவாயத் தூக்குங்க. குழியில நிக்கிற கொடியோட உச்சியப் பாத்துக்கிட்டு பத்தடி நடங்க. பதினோராவது அடியில வேணும்னா அழுதுக்கோங்க.”

“இடுப்பு வலிக்குதுடி!”

“இடுப்பு வலிக்கட்டும். மூஞ்சிக்கு என்ன கேடு?”

இஷ்பெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்தாள். நடந்தாள்.

3

பந்து முள்புதர் ஓரத்தில்தான் கிடந்தது.

ஏமாற்றமா? எனக்கும்தான். நிமிர்ந்து நடந்தால் பந்து புல்தரைக்கு வந்துவிடும் என்று எழுதினால் பத்திரிகைக்காரர்கள் பிரியமாகப் போடுவார்கள். நடை பந்தை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் குனிந்தபடி வந்திருந்தால், அவள் மனத்துக்குள் அந்தக் குழியை ஏற்கெனவே தோற்றிருப்பாள். நிமிர்ந்து வந்தவளுக்கு மூச்சு ஆழமாக இறங்கியிருந்தது. மட்டையைப் பிடித்த விரல்களில் இறுக்கம் இல்லை. முதலில் உடம்பு நடித்தது, பிறகு மனசு நம்பியது. புதர் ஓரத்திலிருந்து அடித்த பந்து கொடியருகே போய் நின்றது. அந்தக் குழி இஷ்பெலுக்கு.

பின்னால் வருபவர்களுக்கு “இடம் காலி” என்று சொல்ல மேட்டடியில் ஒரு மணி உண்டு. இஷ்பெல் அதை அடித்த அடியில் கடற்காக்கைகள் பறந்தன. ஜீன் திரும்பிப் பார்த்தாள். அவள் தோள்* அப்போதுதான் முதல்முறையாக இறங்கியது.

(*இறங்கியது அவளுக்கே தெரியாது என்று எழுதியிருந்தேன். தெரியும்.)

அடுத்த நான்கு குழிகளில் மூன்று இஷ்பெலுக்கு, ஒன்று சமம். பதினெட்டாவது குழிக்கு வரும்போது ஆட்டமே சமம்.

4

இங்கேதான் என் பேனா நிற்கிறது.

விதி இது: அடிக்கத் தயாராகும்போது உங்களால் பந்து புல்நுனியளவு இடம் மாறி நின்றாலும் ஓர் அடி தண்டம், உங்கள் கணக்கில் ஓர் அடி கூடும். வெறுமனே ஆடிவிட்டுப் பழைய இடத்திலேயே நின்றால் தண்டம் இல்லை.

நீளப் புல்லில் கிடந்த பந்தின் பின்னால் இஷ்பெல் மட்டையை வைத்தாள். புல் அசைந்தது. அவள் கண் அந்த நொடி கொடி உச்சியில் இருந்தது. குனிந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முடிவு அ: அவள் வாயே திறக்கவில்லை. ஜெயித்தாள். (என் இஷ்பெல் இதைச் செய்யமாட்டாள்.)

முடிவு ஆ: அவள் தண்டம் கேட்டு வாங்கிக்கொண்டாள், ஆனாலும் ஜெயித்தாள். (தீபாவளி மலர்... மன்னிக்கவும், கிறிஸ்துமஸ் மலருக்கு.)

நடந்தது: இஷ்பெல் கையைத் தூக்கினாள்.

“பந்து நகர்ந்துடுச்சு. எனக்கு ஓர் அடி தண்டம்.”

எஃபி பதறினாள். “அண்ணி, சும்மா இருங்க! நல்லாப் பாத்தீங்களா?”

“ஆடுனது ஓரக்கண்ணுல பட்டுச்சுடி.”

“ஆடுறது வேற, நகர்றது வேற! ஜீன், நீ பக்கத்துலதானே நின்ன? நகர்ந்துச்சா?”

“நான் கவனிக்கலையே, எஃபி.”

“விடு,” என்றாள் இஷ்பெல். “சந்தேகத்தோட எம்பேரு பலகையில ஏற வேணாம்.”

தண்டத்தோடு சேர்த்து இஷ்பெலுக்கு ஐந்து அடி, ஜீனுக்கு நான்கு. அந்த ஓர் அடியில் தோற்றாள். கிளப் வாசல்வரை மோவாய் இறங்கவில்லை; பத்தடி எப்போதோ தாண்டியிருந்தது. ஜீன் அப்போது

(இந்த வாக்கியத்தை நான்கு மாதமாக முடிக்க முடியவில்லை.)

5

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாள்களை இஷ்பெல் வீட்டுக் கதவிடுக்கில் போடலாமா, கிழித்துவிடலாமா, நீங்கள் சொல்லுங்கள். இடுப்புக் கட்டோடு அவள் வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு ஒரு தகவல் தேவை.

ஜீன் ராட்ரே நான்தான். இரண்டு எட்டு தூரத்தில் நின்றேன். பந்து ஆடியது, ஆடிவிட்டு, கிடந்த இடத்திலேயே நின்றது.