வச்சிரப் பசை

இம்மாகுலேற் வெந்நீரில் துணியை முக்கி, சவப்பெட்டிக்குள் கிடந்த புருஷனின் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். செத்தும் அந்தக் கருமம் போகவில்லை. நகக்கண்ணிலும் மோதிரத்தின் அடியிலும் பசை மஞ்சள் பொருக்காகக் காய்ந்திருந்தது. இந்தக் கைகளோடு அவரைச் சர்ச்சில் சாமியார் முன்னால் கிடத்த அவளுக்கு மனமில்லை.

லாசர் பிரெஞ்சுத் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். மற்ற பாண்டிச்சேரிக்காரர்கள் ஓய்வில் சீட்டாடினார்கள். இவரோ, பழைய ரோமாபுரிப் படைவீரராக ஞாயிறுதோறும் வேடம் கட்டும் வெள்ளைக்காரர் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். பேரரசின் கடைசிக் காலத்து வில்லாளிகளுக்கு வில் செய்து கொடுப்பது இவர் பொறுப்பாம். பேரரசு விழுந்து ஆயிரத்தைந்நூறு வருஷமாகிறது, வில் மட்டும் இவர் கையால்தான் ஆகவேண்டும்! மரத்தின் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் மாட்டு நரம்பு, எல்லாவற்றையும் ஒட்டத் தோலைக் காய்ச்சிய வச்சிரப் பசை. ஒபர்வில்லியே கசாப்புக் கடைகளிலிருந்து நரம்பைப் பை பையாகக் கொண்டுவந்து, பல்லால் கடித்து நார் நாராகப் பிரிப்பார். அதே வாயால் சாமியாரிடம் நன்மை அப்பமும் வாங்குவார். இம்மாகுலேற் குமட்டிக்கொண்டு ஜன்னலைத் திறப்பாள். "கொதிக்க வுடாத, கொதிச்சா பசை கெட்டுடும்" என்று அவளையே அடுப்புக்குக் காவல் வைத்துவிட்டு எழுந்து போவார் அந்த மனிதர். நேற்றுக் காலை அந்த அடுப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

வெந்நீர் பட்டதும் பொருக்கு இளகிற்று. கூடவே நாற்றமும் எழுந்தது. ஜூலைப் புழுக்கத்தில் அது கூடத்தைத் தாண்டி மாடிப்படிக்கும் போயிற்று. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக முந்தானையால் மூக்கை மூடினார்கள்.

லாசரின் தங்கை மர்கரீத் காதருகே குனிந்தாள். "அண்ணி, அண்ணன் ஒடம்பு தாங்காது. பெட்டிய இப்பவே மூடச் சொல்லிடலாம்."

"இசபெல் மர்செய்லேந்து ரயில்ல வந்துக்கிட்டிருக்கா. பெத்த பொண்ணு மூஞ்சி பாக்க வேணாமா?"

"பாக்குற மாதிரியா இருக்கு? நாறுது அண்ணி."

மேல்மாடியில் குடியிருக்கும் யோகநாதன் வாசலில் தயங்கினான். ரூ காய் தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவன். "அக்கா, கீழையும் மணக்குதெண்டு சனம் கதைக்குது. பெட்டிக்காரர் நிக்கினம். மூடச் சொல்லட்டே?"

"அது அவரு இல்ல தம்பி. கையில ஒட்டுன பசை."

யாரும் நம்பவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று உச்சுக்கொட்டினார்கள். அந்த உச்சுக்கொட்டல் அவளுக்கு நாற்றத்தைவிட அருவருப்பாக இருந்தது. அவர் சட்டையை இரண்டு விரலால் தூக்கி வாசலில் எறிந்தவள்தான் அவள். அது அவள் பாடு, அவர் பாடு. அவர் அழுகிவிட்டார் என்று ஊர் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

அடுக்களைக்குப் போனாள். அவர் விட்டுப்போன பானையில் பசை கூழாக உறைந்திருந்தது. சூடேற்றி இளக்கி, கொண்டுவந்து பெட்டியருகே வைத்து மூடியைத் திறந்தாள்.

"வாங்க. ஒவ்வொருத்தரா மோந்து பாருங்க."

மர்கரீத் ஓங்கரித்துக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் படிக்கட்டுக்கு இறங்கிவிட்டார்கள். யோகநாதன் மட்டும் பானைமேல் குனிந்தான், பிறகு லாசரின் கைமேல் குனிந்தான். "ஓம் அக்கா, ரெண்டும் ஒண்டுதான். பெட்டிக்காரரைப் பொறுக்கச் சொல்லுறன்."

இசபெல் வந்தபோது கூடம் காலியாக இருந்தது. பயணப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே மூச்சை இழுத்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் இந்த வாசனைக்கு வீட்டைவிட்டே ஓடியவள் அவள்.

"அப்பாவோட பசை" என்றாள் பிரெஞ்சில்.

மூக்கை மூடாமல் போய், அப்பாவின் முகத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

மர்கரீத் திரும்பி வந்து பானையை எட்டிப் பிடித்தாள். "இந்தச் சனியனக் கொட்டிடட்டா அண்ணி?"

இம்மாகுலேற் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அடுப்பில் ஏற்றித் தீயை நன்றாகக் குறைத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பசை கொதித்துவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.