மிதிக்காமல் போன முதல் பேஸ்

எவாரிஸ்தோ ஐந்து வருடமாக முப்பத்தெட்டு வயதிலேயே நின்றுகொண்டிருந்தான். போகா ஒந்தா ஊர் பேஸ்பால் அணியில் அவனோடு ஆட வந்தவர்கள் எல்லாரும் தொப்பையும் பேரப்பிள்ளைகளுமாக வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இவன் மட்டும் முழங்காலுக்கு ஒரு கட்டு, இடுப்புக்கு ஒரு கட்டு என்று சுற்றிக்கொண்டு, பந்தை அடித்தவன் ஓடி மிதிக்க வேண்டிய நான்கு திண்டுகளில் முதலாவதான முதல் பேஸைக் காவல் காத்தான். அந்த இடத்தில் நிற்பவன் அதிகம் ஓட வேண்டியதில்லை. கடவுள் வயசாளிகளுக்குக் கொடுத்த சலுகை அது என்பது அவன் கட்சி.

அந்தச் சலுகைக்கும் முடிவு வந்துவிட்டது. லோஸ் அல்மெந்த்ரோஸ் ஊரோடு இந்த ஞாயிற்றுக்கிழமை ஆடுவதுதான் சீசனின் கடைசி ஆட்டம். முடிந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எதிரணியில் நிக்கானோருக்கும் அதே தீர்ப்பு. நிக்கானோர் எவாரிஸ்தோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். இருபது வருடச் சண்டைக்காரன். இவனைவிட இரண்டு வயது மூத்தவன், கேட்டால் இரண்டு வயது இளையவன். ஆட்டம் முடிகிற நிமிடத்தோடு இரண்டு பேர் கதையும் முடிந்தது. அந்த நிமிடம் வராமல் போக வேண்டும் என்று எவாரிஸ்தோ காலையிலிருந்து மழைக்கு வேண்டிக்கொண்டிருந்தான். வெயில்தான் மண்டையைப் பிளந்தது.

ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி. இரண்டு அணியும் சமம். அல்மெந்த்ரோஸ் பேட்டிங், இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆளும் போனால் அவர்கள் முறை முடிந்தது. ஒரு ரன் எடுத்தால் அவர்கள் ஜெயித்தார்கள், ஆட்டம் முடிந்தது. எடுக்காவிட்டால் பத்தாவது இன்னிங்ஸ். போகிறவனுக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று அவர்களுடைய மேனேஜர், நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து பொரித்த பன்றித்தோலைக் கொறித்துக்கொண்டிருந்த நிக்கானோரை மட்டையோடு அனுப்பினார். மேளக்காரர்கள் முழக்க, கிழம் வருது கிழம் வருது என்று ஸ்டாண்டே பாட்டுக் கட்டியது. நிக்கானோர் கையிலிருந்த எண்ணெயைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு, எவாரிஸ்தோவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

எவாரிஸ்தோவுக்குத் தெம்பாகத்தான் இருந்தது. நிக்கானோர் வேலிக்கு வெளியே பந்தை அடித்து மூன்று வருடம் ஆகிறது. பந்து எறிகிற ஹெர்சன் இருபது வயதுக் காளை. ஆனால் அவன் எறிந்த முதல் பந்தே மட்டையின் நடுவில் பட்டது. பட்ட சத்தத்திலேயே எவாரிஸ்தோவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பந்து வேலியைத் தாண்டிக் கரும்புத் தோட்டத்துக்குள் போய் விழுந்தது.

ஊர் மொத்தமும் பந்தைப் பார்த்துக் கத்தியது. எவாரிஸ்தோ மட்டும் காலைப் பார்த்தான். பந்து எங்கே போனாலும் முதல் பேஸ்காரன் ஓடுகிறவனின் காலைப் பார்க்க வேண்டும். அவன் கோயிலுக்குப் போனால்கூட நற்கருணை வாங்க வருகிறவர்களின் காலைத்தான் பார்ப்பான். நிக்கானோர் இரண்டு கையையும் தூக்கி, இடுப்பை ஆட்டிக்கொண்டே வந்தான். அவன் வலது கால் பேஸுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் விழுந்தது. இடது கால் அதற்கும் அப்பால் விழுந்தது. பேஸை அவன் மிதிக்கவே இல்லை. அப்படியே மற்ற மூன்றையும் சுற்றி வந்து தன் அணிக்காரர்கள் மேல் விழுந்தான். யாரோ அவன் தலையில் பியரை ஊற்றினார்கள்.

எவ்வளவு தூரம் அடித்தாலும் நான்கு பேஸையும் மிதித்தால்தான் ரன். ஆனால் எதிரணி பந்தோடு அந்த பேஸில் ஏறி நின்று கேட்டால்தான் அம்பயர் வாயைத் திறப்பார். அதையும் மைதானத்தை விட்டு இறங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும். ஹெர்சன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏற்கெனவே நடையைக் கட்டியிருந்தான்.

எவாரிஸ்தோ நிக்கானோரைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தான். அங்கே ஒருவன் தன் கடைசி ஆட்டத்தில் இப்படி ஒரு அடி அடித்துவிட்டு ஆனந்தத்தில் நனைகிறான். போய்க் கட்டிப்பிடித்து வாழ்த்துவதுதான் மனுஷத்தனம். ஆனால் வாழ்த்திவிட்டால் சட்டையைக் கழற்ற வேண்டும். வாயைத் திறந்தால் பத்தாவது இன்னிங்ஸ். கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் ஆசைதான் ஜெயித்தது.

"டேய் ஹெர்சன், கோட்டத் தாண்டினே, காலை ஒடச்சிருவேன். திரும்பி வந்து பந்தை வாங்கு."

"எதுக்குண்ணே? அதான் முடிஞ்சு போச்சே."

"நான் சொல்றவரைக்கும் முடியலடா."

ஹெர்சன் அம்பயரிடம் புதுப் பந்தை வாங்கி, தான் பந்து எறிகிற மேட்டில் ஏறி, ஒன்றும் புரியாமலே முதல் பேஸுக்கு எறிந்தான். எவாரிஸ்தோ அதைப் பிடித்து, பேஸின் மேல் இரண்டு காலாலும் ஏறி நின்று, நிக்கானோர் இதை மிதிக்கவில்லை என்றான். பக்கத்தில் நின்ற அம்பயர் இதற்காகவே காத்திருந்தவர் போலக் கையை உயர்த்தினார். நிக்கானோர் அவுட். ரன் கிடையாது, பத்தாவது இன்னிங்ஸ் உண்டு.

மேளம் பாதியில் நின்றது. அப்புறம் ஸ்டாண்டிலிருந்து கைக்குக் கிடைத்ததெல்லாம் பறந்து வந்தது. ஒரு பெண் ஒற்றைச் செருப்பை எறிந்துவிட்டு, வீட்டுக்கு எப்படி நடப்பது என்று யோசித்து மற்றதை வைத்துக்கொண்டாள். நிக்கானோர் பியர் சொட்டச் சொட்டக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எவாரிஸ்தோவை நோக்கி ஓடி வந்தான். இத்தனை வருடத்தில் அவன் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. எவாரிஸ்தோ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடி வாங்கத் தயாரானான்.

வந்தவன் காலரைப் பிடித்து, முகத்தோடு முகத்தை ஒட்டினான். பார்த்தவர்களுக்கு அது சண்டையாகத்தான் தெரிந்தது.

"ஏன்டா இவ்ளோ நேரம்?" என்றான் காதுக்குள். "அவ்ளோ தள்ளிக் கால வச்சேன். நீ பாக்கலியோன்னு உசுரே போயிருச்சு மச்சான்."

எவாரிஸ்தோ கண்ணைத் திறந்தான். "வேணும்னேவா செஞ்சே?"

"பின்ன? அடிச்சப்புறந்தானே தெரிஞ்சுது, அட பாவி, ஆட்டத்த முடிச்சுட்டோமேன்னு."

எவாரிஸ்தோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அம்பயர் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தை நிக்கானோரின் ஈரத் தோளில் புதைத்துக்கொண்டான். சண்டையை விலக்குவதற்காக நான்கு பேர் ஓடி வந்து ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்தார்கள். பிடித்த பிடியை இரண்டு பேரும் விடவில்லை.