தராத முகவரி

"ஃபோனைப் பாரு. பத்துக்கு எத்தனை காட்டுது?" என்றார் என் கணவர், மேசைக்கு அடியிலிருந்து.

"பத்து" என்றேன். எதற்குப் பத்து என்று தெரியாது.

தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தார். இணையத்தில் கருவிகளுக்குத் தரும் பழைய எண் முகவரிகள் தீர்ந்து, நீளமான புதியவை வந்து வருடங்களாகின்றன. எங்களுக்கு நெட் தரும் கம்பெனி மட்டும் அவற்றைத் தராமல் இழுத்தடித்தது. பழைய முகவரி ஒன்றையே தெருவுக்கெல்லாம் பங்கு போட்டிருந்ததால், வெளியிலிருந்து யாராலும் எங்கள் வீட்டுக் கேமராவை எட்ட முடியவில்லை.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே. அதான் பூசாரியைச் சுத்திக்கிட்டுப் போயிட்டேன்."

புது முகவரிகளை இலவசமாகத் தரும் தூரத்து நிலையம் ஒன்றிலிருந்து எங்கள் மோடம் வரை இணையத்துக்குள்ளேயே சுரங்கவழி போட்டாராம். அது வேலை செய்கிறதா என்ற சோதனைக்குத்தான் அந்தப் பத்து மதிப்பெண். பால்கனிக் கேமராவுக்கே இனி சொந்த முகவரி. வெளிநாட்டிலிருக்கும் மகள் எங்களைப் பார்க்கலாம்.

கை கழுவப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார். மாரடைப்பு.

அதன்பிறகு காலையில் நான் பால்கனியில் நிற்பதைப் பார்த்தால்தான் மகள் வேலைக்குக் கிளம்புவாள். ஒருநாள் ஃபோனில் அழுதாள். "வெறும் கறுப்பா இருக்கும்மா. உனக்கும் என்னமோன்னு பயந்துட்டேன்."

கம்பெனியைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"நெட் வருதா மேடம்?"

"வருது."

"அப்புறம் எது வரல?"

"புது முகவரி."

"அதை நாங்க யாருக்குமே தரலையே. தராததைக் காணோம்னு எப்படிப் புகார் எடுக்கிறது?"

அந்தப் பெண் சொன்னது நியாயமாகவே பட்டது. அதனால் இன்னும் குழம்பினேன்.

முந்தின நாள் மோடத்தை மாற்றிவிட்டுப் போன லைன்மேனைப் பிடித்தேன்.

"பழசு மெதுவா இருக்குன்னு நல்லதுக்குத்தாம்மா மாத்தினேன். சார் அதுக்குள்ளயா சுரங்கம் வெட்டியிருந்தார்? பழைய மோடம் ஆபீஸ் போனதும் அதுல இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுடுவோமே."

"திரும்ப வெட்ட முடியாதா?"

"எனக்குக் கம்பம் ஏறத்தாம்மா தெரியும்."

மகள் அந்த நிலையத்துக்கு எழுதினாள். உரியவர் கேட்டால்தான் அவர் சுரங்கத்தின் சாவியைத் தருவார்களாம்.

"அப்பா இல்லைன்னு சொன்னியா?"

"சொன்னேன். உன் பேர்ல வேற முகவரி தராங்களாம்."

"அப்போ அப்பாவோட முகவரி?"

"எனக்கும் புரியலம்மா."

அவள் ஃபோனில் சொல்லச் சொல்ல, என் பெயரில் வந்த முகவரியைப் போட, புது மோடத்தின் செட்டிங்ஸ் பக்கங்களில் எங்கெங்கோ தட்டினேன். திட்டு வாங்கினேன், திட்டினேன். சில நாள் கழித்து, "அம்மா, தெரியறே! நைட்டியை மாத்து முதல்ல" என்றாள். எதைத் தட்டியதால் வந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை.

அவர் வாங்கிய முகவரி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.