ஊற்றின் சூடு 61

எங்கள் எரிமலையின் வெந்நீர் ஊற்றை அளந்தவன் நான். தினமும் ஒன்றரை மணி நேரம் ஏறி, ஐந்து நிமிடம் தண்ணீரில் வெப்பமானியைப் பிடித்து, நோட்டில் எண்ணை எழுத வேண்டும். சூடு ஏறினால் அடிவாரத்துக் கரவி ஊரைக் காலி செய்ய வேண்டும். என்னைப் போன்ற சோம்பேறியிடம் போய் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

என் மச்சான் செத்துப்போனான். எங்கள் பக்கம் மச்சானின் சாவு வீட்டை விட்டு மூன்று நாளைக்குள் நகர்ந்தால், பெண்டாட்டி ஆயுசுக்கும் முகம் கொடுக்கமாட்டாள். கண்காணிப்பு நிலையத் தலைவர் டோலிமனிடம் விடுப்பு கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த மனுஷர் தேய்ந்த முட்டியோடு தானே ஏறுவார். வெட்கமாக இருந்தது. மலை ஏறாமல், சாவு வீட்டில் பாக்கு மென்றுகொண்டே வழக்கமாக வரும் எண்களை எழுதினேன்: 61, 61, 62. தினமும் போனில் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை நிலம் லேசாக நடுங்கியது. டோலிமன் போன் செய்தார்.

“பிரிட்டு, மூணு நாளும் ஏறுனியா?”

“ஏறுனேண்ணே.”

“உன் கண்ணால பாத்தியா?”

“பின்ன, வாடகைக்கா கண்ணு வாங்குவேன்?”

சிரித்துவிட்டார். கரவிக்காரர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். மறுநாள் விடியும்போது மலை வெடித்தது. பதினேழு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி அவருடைய தங்கை.

விசாரணையில், “உத்தரவுல கையெழுத்து என்னோடது, அவனைக் கேக்காதீங்க” என்றார். அவர் வேலை போனது. நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவி, வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவன் மாதிரி.

ஆறு வருஷம் அவர் வீட்டு மேசையில் என் எண்களையே போட்டுக் குடைந்தார். போன வாரம் கூப்பிட்டனுப்பினார்.

“கட்டுரை அச்சாயிடுச்சுடா. ஊத்து சூடாகாமலே மலை வெடிக்கும்னு காட்டிட்டேன். உன் மூணு நாள்தான் அதுக்கு உசுரு. பொய் சொல்லத் தெரியாதவன்னு உன் பேரையும் போட்டிருக்கேன்.”

கட்டுரையை என் மடியில் வைத்தார்.

“பக்கத்துத் தீவுல இதைப் படிச்சிட்டு, ஊத்து அளக்குறதையே நிறுத்திட்டாங்களாம். வெட்டி வேலைன்னு.”

“அங்க மலைக்குக் கீழ எத்தனை ஊருண்ணே?”

“நாலு.”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் ஆறு வருஷத்தில் முதல்முறையாக நிம்மதி இருந்தது. தங்கையைக் கொன்றது மலைதான், தான் இல்லை என்ற நிம்மதி.

“நல்லதுண்ணே” என்றேன்.