ஒரு டம்ளர் டீக்கு ஓடும் கார்

"கூரையை அறுத்து எடுத்துட்டு, பின்னாடி சின்னதா ஒரு தொட்டி மாதிரி கட்டிட்டா என்னங்க? காய்கறி வாங்கப் போக வசதியா இருக்கும்."

டிரைவரம்மா இதைச் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் என்பதால் தெருவிலும் சொந்தத்திலும் அவளுக்கு அதுதான் பெயர். ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னால் காய்கறித் தொட்டி என்றால், அந்தக் காரைப் பெற்ற பிள்ளை போல வைத்திருந்த மனிதருக்கு ரத்தம் கொதிக்க வேண்டும். கொதிக்கவில்லை. "கட்டலாம்" என்றார். டீயைச் சூடு குறையும் முன்பே மடமடவென்று குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சட்டையை மாட்டப் போனார்.

அவர் சூடாகக் குடித்ததுதான் அவளுக்கு வலித்தது. ஒரு காலத்தில் அவருடைய டீ சூடாகத் தொண்டைக்குள் இறங்கியதே இல்லை. டம்ளரைக் கையில் வாங்கியதும் கார் பேச்சு ஆரம்பமாகும். டீ ஆறும், ஆடை படியும், அவள் முணுமுணுத்துக்கொண்டே சுடவைத்துத் தருவாள், அது மறுபடியும் ஆறும். இந்த மனுஷன் என்றைக்காவது சூடாக ஒரு வாய் குடிக்க மாட்டாரா என்று எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது குடிக்கிறார்.

அவருக்கு வேலை ஒரு கண்ணாடிக் கடையில். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது. ஊரை விட்டுப் போன ஒரு வாடிக்கையாளரிடமிருந்து அந்தக் காரை வாங்கி வந்திருந்தார். இரண்டே இருக்கை, தரையோடு தரையாக உயரம். சிவப்பாக இருந்த வண்டி வெயிலில் வெளுத்துப் பழைய செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்குக் கீழே தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. குனிந்தால் தரை தெரியும். சாவியைத் திருப்பினால் இருமும், குலுங்கும், அடங்கிவிடும். முன் விளக்குகள் மூடிக்குள்ளிருந்து எழும்பி வருகிற ரகம். ஒன்று முழுசாக எழும்பும், மற்றது பாதியில் நின்றுகொள்ளும். பார்க்கிறவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பது போலவே இருக்கும்.

அதை வைத்து அவர் கட்டிய கோட்டைகள் கொஞ்சமா நஞ்சமா? ஒரு வாரம் அது பாட்டரியில் சத்தமில்லாமல் ஓடும் காராக இருக்கும். அடுத்த வாரம் பெரிய டயர் மாட்டிச் சேற்றிலும் மணலிலும் பாயும். பாட்டில் பச்சையில் பெயிண்ட் அடித்து, உள்ளே பழுப்புத் தோலில் இருக்கை தைத்து, ஸ்டீயரிங்கை மரத்தில் கடைந்து வைத்துவிடுவார். மறுநாள் காலையில் பச்சை வேண்டாம், சாம்பல் என்பார். "உன் சீட்டை மட்டும் கொஞ்சம் உசத்திடுறேன். பஸ்ல உசரமா உட்கார்ந்து பழகினவ, உனக்கு ரோடு தெரியலன்னா பிடிக்காது" என்று ஒருநாள் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது அவள் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நாள் முழுக்க நிஜமான வண்டியை, நிஜமான நெரிசலில், கத்துகிற பிள்ளைகளோடு ஓட்டிவிட்டு வருகிறவளுக்கு ஓடாத வண்டியின் கதை எவ்வளவுதான் ருசிக்கும்? அவள் மேல் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவள் அப்படி நினைக்கவில்லை, குற்றம் தன்னுடையதுதான் என்றே நினைத்தாள்.

நடந்தது தம்பி வீட்டு விருந்தில். கூடம் கொள்ளாத கூட்டம். தம்பி விளையாட்டாகக் கேட்டான்: "ஏன்க்கா, உங்க கார் லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"லிட்டர் கணக்கெல்லாம் அதுக்குக் கிடையாதுடா. ஒரு டம்ளர் டீ ஊத்தினாப் போதும், ரெண்டு மணி நேரம் ஓடும். எல்லாம் வாயாலதான்."

வீடே அதிரச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். அன்றைக்கு அவளுக்குத் தன் வாயை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. அதன்பின் அந்த வார்த்தை அவள் கையைவிட்டுப் போய்விட்டது. தம்பி மகன் எங்கே பார்த்தாலும், "என்ன மாமா, டீ போடச் சொல்லட்டுமா, கார் எடுக்கலாமா?" என்பான். அவர் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். வீட்டில் கார் பேச்சு மட்டும் நின்றுபோனது. முதலில் அப்பாடா என்றிருந்தது. அப்பாடா எப்போது தீர்ந்துபோனது என்று அவளுக்கே தெரியவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

போன வாரம் சாப்பிடும்போது, உப்பைக் கேட்கிற குரலில் சொன்னார். "ஒரு மெக்கானிக் கேட்டிருக்கார். பார்ட்ஸுக்கு எடுத்துக்கிறாராம். சனிக்கிழமை வரச் சொல்லிட்டேன்."

அன்றிலிருந்துதான் டிரைவரம்மா தினம் ஒரு யோசனையோடு அலைகிறாள். ஏறுக்குமாறாக எதையாவது சொன்னால், பொறுக்க முடியாமல் திருத்தவாவது வாயைத் திறப்பார் என்று ஒரு நப்பாசை. மஞ்சள் பெயிண்ட் அடித்துப் பள்ளி வண்டி ஆக்கலாம் என்றாள். "ஆக்கலாம்" என்றார். லாரி சக்கரம் மாட்டலாமா என்றாள். "மாட்டலாம்." இந்தக் காய்கறித் தொட்டியும் அப்படியே போயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், "பின் சீட்டை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்திட்டா நாலு பேர் தாராளமா போகலாம், இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுல பின் சீட்டே கிடையாது. உனக்குத் தெரியும்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வண்டி ஓட்டுறவ நீ. தெரிஞ்சுகிட்டே கேக்குற. எனக்காகப் பாவம் பார்த்து இப்படிக் கேக்காதம்மா."

"அன்னைக்குத் தம்பி வீட்டுல நான்…"

"அதுக்கென்ன? நல்ல ஜோக்தானே. நானே சிரிச்சேனே" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கோபப்பட்டுக் கொஞ்சம் ஆறியிருப்பாள்.

மறுநாள் மெக்கானிக் லாரியோடு வந்தார். நல்ல மனிதர்தான். காரைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, உச்சுக் கொட்டினார். "சார், உள்ள உங்க சாமான் ஏதாவது இருந்தா எடுத்துக்குங்க" என்று டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். பழைய திருப்புளி ஒன்று, தீர்ந்துபோன பேனா ஒன்று. அடியில் லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணியில் சுற்றிய பொட்டலம். அதை டிரைவரம்மாவின் கையில் கொடுத்தார்.

உள்ளே உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி. தேன் நிறம். விளிம்பு விரலுக்கு வழுவழுவென்று இருந்தது. அதோடு இன்னொன்று, பாதி தேய்த்தபடி, ஓரம் சொரசொரப்பாக.

"அது சும்மா. கடையில மிச்சம் விழுந்த கண்ணாடி" என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

சும்மா இல்லை. அவளுக்கு நினைவு வந்துவிட்டது. ஒரு பனிக்காலத்தில், எதிரே வருவது தெரியாமல் பஸ்ஸைப் பாலத்துச் சுவரில் உரசிவிட்டு வந்து அழுதிருக்கிறாள். அடுத்த சில நாளில் அவர் மஞ்சள் விளக்கைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நானே தேய்க்கிறேன், முதலில் நம் காரில் போட்டுப் பார்ப்போம், சரியாக வந்தால் உன் பஸ்ஸுக்கு. அவள் "உம்" என்றிருந்தாள். டீயை மூன்றாவது தடவை சுடவைக்க வேண்டியிருந்த எரிச்சலில் சொன்ன உம். அந்த வருஷமேதான் தம்பி வீட்டு விருந்தும். வெறும் பேச்சு என்று எதை அவள் ஊர் சிரிக்க வைத்தாளோ, அதில் ஒன்றரைக் கண்ணாடி அளவுக்கு வேலை நடந்திருக்கிறது.

இரும்புக் கயிறு காரைப் பின்பக்கமாக இழுத்து லாரியில் ஏற்றியது. மெக்கானிக் விளையாட்டாக சுவிட்சைத் தட்டியிருக்க வேண்டும். ஒரு விளக்கு எழும்பியது, மற்றது பாதியில் நின்றது. தெருமுனை திரும்பும்வரை அது இருவரையும் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே போனது.

உள்ளே வந்து டீ போட்டாள். அவர் முன்னால் டம்ளரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தேன் நிறக் கண்ணாடியை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். கார் நின்றிருந்த கொட்டகை காலியாக, அதன் தரையில் எண்ணெய்க் கறை, எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தன. பொய்யாகக் கேட்க அவளிடம் இனி ஒரு யோசனையும் இல்லை. தெரியாத ஒன்று மட்டும் இருந்தது.

"பனியில வெள்ளை லைட் திரும்ப நம்ம கண்ணுலயே அடிக்குதுங்க. இது எப்படி அடிக்காம போகும்?"

அவர் டம்ளரை எடுத்தார். உதடுவரை கொண்டுபோனார். அவள் முகத்தைப் பார்த்தார், வெகுநேரம், அவள் வேடிக்கை செய்கிறாளா என்று தேடுகிறவர் மாதிரி. பிறகு பாதி தேய்த்த கண்ணாடியின் சொரசொரப்பான ஓரத்தைப் பார்த்தார். டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

அவள் காத்திருந்தாள். டீயின்மேல் ஆடை படியத் தொடங்கியது.