எல்லாப் பட்டனும் ஒரே மாதிரி

நிஷாந்தினி பதுளையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் வேலை பார்த்தாள். தேயிலைத் தோட்ட மருந்தகங்களுக்கான செயலி அவள் பொறுப்பு. ஒவ்வொரு பட்டனுக்கும் தனியாக நிறமும் வளைவும் கொடுக்காமல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஸ்டைல் எழுதி வைத்திருந்தாள்; அதில் ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாத் திரையிலும் மாறிவிடும். ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடும் பட்டனுக்கு மட்டும் தனியாகச் சிவப்பு கொடுத்திருந்தாள்.

முதலாளி தனேஸ்வரனுக்கு அது பிடிக்கவில்லை. "உது மட்டும் ஏன் பிள்ளை கண்ணைக் குத்துது? எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் வடிவு."

"அவசரத்துக்கு அமுக்குறது சார்."

"அதிலை எழுதித்தானே கிடக்கு. அந்தச் சிவப்பை எடுத்துவிடும்."

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. சிவப்பு என்றிருந்த வரியை அழித்தாள். அதுவும் மற்றவற்றைப் போல வெளிர்பச்சையானது. சாயங்காலத்துக்குள் அந்த மாற்றம் எல்லா மருந்தகங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான்காம் நாள் காலை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், எட்டு மாதக் கர்ப்பிணியான லதுஷாவை இரத்தப்போக்கோடு மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே பிரசவம் பார்க்கும் மருத்துவமாது ஸகீனா ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் திரையில் சிவப்பைத் தேடினாள். காணவில்லை. பதறி ஒன்றை அமுக்கினாள். சரி என்று அடையாளம் விழுந்தது. வண்டி வருகிறதென்று நம்பிக் காத்திருந்தாள். பதிவானதோ நோயாளியின் பெயர் மட்டுந்தான். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அது விளங்கியது. லதுஷா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் ஸகீனா கம்பனிக்குப் போன் எடுத்தாள். "மகள், அந்த செவப்பு பட்டன் எங்க போன?"

நிஷாந்தினி நடந்ததை முழுவதும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

மருத்துவமாதின் கவனக்குறைவு என்று தனேஸ்வரன் ஒரு கடிதம் தயாரித்து நிஷாந்தினியிடம் கையெழுத்துக் கேட்டார். அவள் போடவில்லை. நடந்ததை அப்படியே எழுதி, சுகாதாரத் திணைக்களத்தின் விசாரணைக்கு அனுப்பினாள். அந்த வாரமே வேலை போயிற்று. ஸகீனாவையும் எப்படியோ இடம் மாற்றிவிட்டார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஷாந்தினி, லதுஷா குடியிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போனாள். லதுஷா வாசலுக்கு வந்தாள். சட்டையின் முன்புறம் பாலில் நனைந்திருந்தது. நிஷாந்தினி எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"நீங்களாங்க மாத்துனீங்க?"

"ஆமா."

 லதுஷா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.