துவைக்கக் கூடாத துணி

மனித குலம் உருப்படாமல் போனதற்கு ஒரே காரணம் மூக்கு. கண் சாட்சி சொல்லும், காது சேதி வாங்கும். மூக்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லாமல் ஆளை அழவைக்கும். அடுத்தவர் விஷயத்தில் நுழைவது மூக்கு, கோபம் வந்து உட்காருவது மூக்கின் மேல், கடைசியில் அறுபடுவதும் அதுவே. இதைக் கல்லூரி கேன்டீனில் பலமுறை நிரூபித்திருக்கிறேன். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. டீக்குக் காசு கொடுத்தது நான் என்பது வேறு விஷயம்.

வீட்டில்தான் என் கொள்கை எடுபடவில்லை. அப்பாவின் அறைக் கதவுக்குப் பின்னால், கொக்கியில், அம்மாவின் சாம்பல் நிற ஸ்வெட்டர் தொங்கியது. பேக்கரி வேலைக்கு இருட்டோடு கிளம்பும்போது போட்டுக்கொள்வாள். அவள் இறந்துபோன பிறகு மற்ற துணிகளையெல்லாம் துவைத்தோம், மடித்தோம், கொடுத்தோம். இதை மட்டும் அப்பா தொடவிடவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். தினமும் கிளம்புமுன் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதன் காலருக்குள் முகத்தைப் புதைத்து நிற்பார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலச் சாவியைத் தேடுவார்.

"அது வெறும் வெண்ணெயும் வேர்வையும்பா," என்றேன் ஒருநாள்.

"ஆமாண்டா," என்றார். ஒப்புக்கொள்கிற மனிதரிடம் எப்படி வாதாடுவது?

கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு நாய்க்குட்டி, கூடவே ஒரு கந்தல் துண்டு.

"இது அதோட அம்மா படுத்திருந்த துண்டு. வீடு பழகற வரைக்கும் பெட்டியிலயே கிடக்கட்டும். யாரும் துவைக்கக் கூடாது. டேய் புரொபசர், உன்னத்தான் சொல்றேன்."

"நாய்க்கும் நினைவுச் சின்னமா? இந்தக் குடும்பத்துக்கே மூளை மூக்குலதான் இருக்கு."

"உனக்கு அங்கயும் இல்லையேடா."

அப்பா பெட்டியருகே குந்தி உட்கார்ந்து ஒரு விரலை நீட்டினார். குட்டி அதைச் சப்பியது. அவர் விரலை எடுக்கவேயில்லை.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் என் கடமையைச் செய்தேன். துண்டு நாறியது. ஒரு கரண்டி சோப்புத்தூள் கூடுதலாகவே போட்டு மெஷினில் சுற்றவிட்டு, காயவைத்து, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்தேன். குட்டி அதை முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. என்னைப் பார்த்தது. பிறகு ஆரம்பித்தது ஒப்பாரி.

பால் கொடுத்தேன். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தேன். பந்து உருட்டினேன். சற்று நேரம் அறிவுரையும் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு அழுதவர்கள் முன்பும் உண்டு; ஆனால் நான் நிறுத்திய பிறகும் யாரும் அழுததில்லை.

"யப்பா, பிள்ளையக் கிள்ளிட்டே இருக்கியா?" என்று கீழ்வீட்டு அம்மா ஜன்னல் வழியே கத்தினார்.

சாயங்காலம் அப்பா வந்தபோது குட்டி வாசற்கதவின் இடுக்கில் மூக்கை வைத்து, குரல் கம்மி, விட்டுவிட்டு முனகிக்கொண்டிருந்தது. அப்பா துண்டை எடுத்து முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் பதில் தயாராக இருந்தது. திட்டவில்லை.

"திருப்பிக் குடுத்துடலாம்பா," என்றேன். "இல்லன்னா விடுங்க, நாலு நாள்ல மறந்துடும்."

"மறக்கும். அதுவரைக்கும் என்னடா பண்ணும்?"

உள்ளே போனார். ஸ்வெட்டரோடு வந்தார். வாசற்படியில் நின்று காலருக்குள் ஒருமுறை முகத்தை வைத்து எடுத்தார்.

"அப்பா, வேணாம்." சொன்னது நானா என்று எனக்கே சந்தேகம். "கடிச்சுக் குதறிடும். ஒண்ணுக்குப் போயிடும்."

"போகும். குட்டிதானே."

"இது அதோட அம்மா இல்லப்பா."

"அது அதுக்குத் தெரியாதா? யாரோ ஒரு அம்மா. இன்னிக்கு அதை வச்சுச் சமாளிக்கட்டும்."

ஸ்வெட்டரைப் பெட்டியில் விரித்துக் குட்டியைத் தூக்கி அதன்மேல் விட்டார். அது கைப்பகுதிக்குள் தலையை நுழைத்தது. முனகல் தேய்ந்து நின்றது. வால் மட்டும் வெளியே தெரிந்தது. அப்பா தோள்பையைக்கூடக் கழற்றாமல் பெட்டியோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காலையில் பார்த்தால் ஸ்வெட்டர் நனைந்து கிடந்தது. மூத்திரம், கக்கிய பால், எச்சில். ஒன்றும் பாக்கியில்லை.

"மெஷின்ல போட்டுடு," என்றார் அப்பா, அந்தப் பக்கம் பார்க்காமல்.

டூல் பையை மாட்டினார். பழக்கத்தில் கதவுக்குப் பின்னால் போனார். வெறும் கொக்கியின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

அவர் போன பிறகு ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு மெஷினருகே போனேன். குட்டி என் பேன்ட் நுனியைக் கவ்விக்கொண்டே வந்தது. சோப்புத்தூளை அளந்து போட்டேன். போனில் அக்கா.

"குட்டி தூங்கிச்சாடா?"

"தூங்கிச்சு."

"அப்பா?"

"வேலைக்குப் போயிட்டாரு."

"நீ என்ன பண்ற?"

"துணி துவைக்கிறேன்."

போனை வைத்துவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்தேன். ஸ்வெட்டரை முகர்ந்தேன். அதன் கைகளில் நாய் வாசனை. முதுகிலும் அதுவே. அதன் பையை உள்வெளியாகப் புரட்டி முகர்ந்து பார்த்தேன். பொத்தான் பட்டியில் பார்த்தேன். காலரின் உள்மடிப்பில், இடது பக்கம், ஒரு விரலகலத்துக்குக் கொஞ்சம் வெண்ணெயும் வேர்வையும் மிச்சம் இருந்தது.

குட்டி மடியில் ஏறி அங்கேயே முட்டியது. முகத்தை எடுக்காமல், அதற்கும் கொஞ்சம் இடம் விட்டேன்.